ஆணைப்படி

கர்க்வால், ஓர்க்னித் தீவுகள். 1915, குளிர்காலம்.

இங்கே குற்றம் சாட்டப்படுவது ஆளல்ல, கப்பல்.
அதனால் சம்மனையும் கப்பலிடம்தான் தர வேண்டும்.
வாங்கிக்கொள்ள அதற்குக் கை கிடையாது. ஆகவே
நடுப்பாய்மரத்தில், ஆள் மார்பு உயரத்தில்,
ஒரே ஆணி.
அடிப்பவன் நான், எட்வின் இஸ்பிஸ்டர், சுங்கச் சேவகன்,
வாரம் முப்பத்திரண்டு ஷில்லிங்.
சுத்தியல் என் சொந்தச் சுத்தியல்.

ஹால்டிஸ். நார்வேக் கொடி, மரக் கப்பல்.
நியூ ஆர்லியன்ஸிலிருந்து பெர்கனுக்கு
பன்றிக் கொழுப்பு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பீப்பாய்,
காப்பிக்கொட்டை நானூறு மூட்டை,
சமையற்காரனின் அக்கார்டியன் ஒன்று,
பூனை ஒன்று.
அதையும் பட்டியலில் சேர்க்கவா என்று கேட்டேன்.
லெப்டினன்ட் சிரிக்கவில்லை.
"எலி பிடிக்குமா?"
"பிடிக்கும்."
"அப்படியென்றால் கப்பலின் உபகரணம். எழுது."

கேப்டன் தோர்லைஃப் ஓஸ் சம்மனை இரண்டு தரம் படித்தார்.
அவருடைய ஆங்கிலம் துறைமுகங்களில் பொறுக்கியது;
வசவுகள் சுத்தம், மற்றதெல்லாம் தட்டித் தடவி.
"எங்கே உங்கள் முற்றுகை?" என்றார்.
"முற்றுகை என்றால் வாசலை மறித்து நிற்க வேண்டும்.
ஜெர்மன் கரை என் கண்ணிலேயே படவில்லை.
நீங்கள் தெருமுனையில் நின்றுகொண்டு
போகிறவன் வருகிறவன் பையைத் துழாவுகிறீர்கள்."
முற்றுகை என்று நாங்கள் எழுதுவதில்லை, என்றார் லெப்டினன்ட்.
"பின்னே என்னவென்று எழுதுகிறீர்கள்?"
அதற்கு வேறு சொல் இருந்தது. நீளமான சொல்.
பாதி காற்றோடு போயிற்று.

சரக்குச் சீட்டில் பெறுபவர் பெயர் இல்லை.
'ஆணைப்படி' என்று மட்டும்.
யாருடைய ஆணைப்படி?
அந்த ஒரு சொல்லில்தான்
அத்தனை கொழுப்பும் வழுக்கி விழுந்தது.

லண்டனில் வக்கீல் கணக்குப் போட்டாராம்.
அந்த ஊரில் இத்தனை வாய்,
ஒரு வாய்க்கு வருஷத்துக்கு இத்தனை ராத்தல்,
இந்த வருஷம் இறங்கியதைத் தின்று தீர்க்கவே
ஒன்பது வருஷம் பிடிக்கும்.
மிச்சமெல்லாம் எதிரியின் வாணலிக்கு.
இறங்கும் துறை வேறு, சேரும் வயிறு வேறு.
வயிறுகூட இல்லை, என்று விரல்விட்டுச் சொன்னார் லெப்டினன்ட்:
கொழுப்பிலிருந்து கிளிசரின்,
கிளிசரினிலிருந்து வெடிமருந்து.

கணக்கு சரியாகத்தான் இருக்கும்.
என் தம்பி வில்லி ஃபிளாண்டர்ஸ் பதுங்குகுழியில் இருக்கிறான்.
எந்தப் பீப்பாய் எங்கே போய் வெடிக்கும் என்று
நான் தர்க்கம் பண்ணத் தயாரில்லை.

ஆனால் ஓஸின் முகத்தைப் பதினொரு வாரம் பார்த்தவனும் நான்தான்.
திங்கள்கிழமைகளில் படகில் கரைக்கு வருவார்.
தபால் ஆபீஸ் ஜன்னலில் ஒரே வார்த்தை: "தீர்ப்பு?"
பிறகு மாலுமிகளுக்குக் கடனில் ரொட்டி,
திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைப்பு,
நானேதோ வானிலை என்பதுபோல.

எங்கள் வீட்டு உத்தரம் ஒரு டச்சுக் கப்பலின் முதுகெலும்பு.
நான் பிறக்குமுன் வடக்குப் பாறையில் உடைந்தது.
அன்று யாரும் லண்டனுக்கு எழுதிக் கேட்கவில்லை.
அலை வடிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்.
இப்போது ரசீது கொடுத்து எடுக்கிறோம்.
அதுதான் வித்தியாசம். சின்ன வித்தியாசமில்லை என்று
ராத்திரி மல்லாந்து படுத்து, அந்த உத்தரத்தைப் பார்த்தபடி
எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

பிப்ரவரியில் தந்தி வந்தது.
கப்பல் விடுதலை. கொழுப்பு பறிமுதல்; இறக்கியாயிற்று.
காப்பி குறித்து விசாரணை தொடரும்.
நஷ்ட ஈடு இல்லை, சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்ததால்.
பூனையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சம்மனைக் கிழித்தெடுத்தேன். ஆணி வரவில்லை.
அடிக்கச் சொல்லி விதி இருக்கிறது, எண்ணோடு.
பிடுங்கச் சொல்லி இல்லை;
நானும் குறடு கொண்டு போகவில்லை.
ஓஸ் குனிந்து பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.
நனைந்த மேலங்கியைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு
நங்கூரம் தூக்கக் குரல் கொடுத்தார்.