கருத்துகள் ஏதேனும்

ஜனவரி. ஃபெர்ன்ஹில். காலை ஐந்து பத்து.
லாட்ஜ் புல்வெளியில் உறைபனி
மூட்டை கிழிந்து உப்பு கொட்டினாற்போல.
கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறக்கிறாள்
சாயல்குடிக்காரி, ஐயாயிரம் மீட்டர்.
பெயர் அழகுமீனாள். அடையாள அட்டை சரி.
ஐந்திலிருந்து ஆறுவரை இங்கிருப்பேன் என்று
எழுதிக் கொடுத்தபடியே இருக்கிறாள்.
வாசலில் அவள் ஷூ, ஈரம் உறிஞ்ச
உள்ளே திணித்த பழைய தினத்தாள்.

"இப்பதான் போயிட்டு வந்தேன், சிஸ்டர்."
எல்லோரும் சொல்வதுதான்.

நான் நிஜமாகவே சிஸ்டர்தான்.
ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு.
விடுமுறை நாளில் கூப்பிட்டால் இந்த வேலை:
பை, படிவம், சீல் வைத்த குப்பிகள்,
இன்னொருத்தி மூத்திரம் போனதை
நேரில் பார்த்தேன் என்று கையெழுத்து.

காத்திருந்தோம்.
கோச் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.
டீ வேண்டுமா என்று என்னிடம் கேட்டுவிட்டு
அவளைப் பார்த்தார்.
அவள் தண்ணீர் குடித்தாள், மறுபடி குடித்தாள்.

ஏழாயிரம் அடியில் காற்று மெலிசு.
சில வாரம் தங்கினால் ரத்தம் தானே தடிக்கும்,
அதற்குத்தான் வருகிறார்கள்.
மலை கொடுப்பதற்குச் சோதனை கிடையாது.
அதே வேலையைச் செய்ய ஒரு மருந்தும் உண்டு.
திங்களும் வியாழனும் நான்தான் போடுகிறேன்,
சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு.
அவர்கள் எங்கும் ஓடுவதில்லை.
கட்டிலிலிருந்து வாசல்வரை நடந்தால் போதும்.
மூன்று வாரமாக ஸ்டாக் இல்லை.

ஆறரைக்கு எழுந்தாள்.
மேலே மார்புவரை, கீழே முழங்கால்வரை
துணி விலக வேண்டும், நான் பார்க்க வேண்டும்.
பார்த்தேன்.
அப்புறம், என்ன இருந்தாலும்,
ஒரு விநாடி முகத்தைத் திருப்பினேன்.

வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடி பெயர்ந்திருந்தது.
வெளியே கம்பியில் சணல், சணலில் மஞ்சப்பை,
பையின் ஓட்டையில் அட்டைப்பெட்டியின் ஒரு மூலை.
வெள்ளை, அதில் நீலக்கோடு.
தூக்கத்தில் காட்டினாலும் சொல்வேன் அந்த நீலத்தை.
இந்தக் குளிரில் ஃப்ரிட்ஜ் எதற்கு?

முதல் தடவை தண்ணியாக இருந்தது, செல்லாது.
"ரொம்பக் குடிச்சிட்டேன். மன்னிச்சுக்குங்க."
எட்டு மணிக்கு மறுபடி உள்ளே போனோம்.
இந்த முறை என் கண் போன இடத்துக்கு
அவள் கண்ணும் போனது.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வைட்டமின்னு சொன்னாங்க."
கோப்பையை இரு கையாலும் பிடித்திருந்தாள்,
பிரசாதம் வாங்குகிறவள்போல.
"இல்ல," என்றாள் பிறகு. "தெரியும்."

மூடியைத் திருகத் திருக
டக் டக்கென்று பல் விழுந்தது.
இனி உடைத்தால்தான் திறக்கும்.
அவளே திருக வேண்டும், அதுவும் விதி.
விரல் நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்:
வீரரின் கருத்துகள் ஏதேனும்.
எல்லோரும் இல்லை என்று கோடு போடுவார்கள்.
இவள் யோசித்து எழுதினாள்:
'ஊட்டித் தண்ணி நல்லா இருக்கு.'
கீழே முழுப் பெயர், இனிஷியலோடு.

எனக்குத் தனித்தாள், நாலு வரி.
ஜன்னல், சணல், மஞ்சப்பை, நீலக்கோடு.
எழுதினேன்.
எழுதும்போது என் மனசில் இருந்தது
விளையாட்டு இல்லை, நேர்மை இல்லை,
அந்தப் பெட்டிக்குள் ஆறு ஊசி இருக்குமே
என்கிற கணக்கு.

திங்கட்கிழமை.
தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டிக்கொண்டிருந்த சந்தனமேரி,
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு.
"மருந்து வந்திருச்சா, சிஸ்டர்?"
"அடுத்த வாரம்."
தலையாட்டிவிட்டுச் சுவரைப் பிடித்து நடந்தாள்,
நின்றாள், மூச்சு வாங்கினாள், நடந்தாள்.
கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது:
வாசல்வரை பதினாறு அடி,
நாலு நிமிஷம்.