உறை

முப்பத்தொரு வருடம் கௌனாஸ் நகரில்
டிராலிபஸ் ஓட்டியவன் நான்.
என்னிடம் வந்து டாக்டர் சொல்கிறார்,
இந்த மருந்து பிரேக்கை எடுத்துவிடும் என்று.
ரத்தத்தில் காவலர்கள் இருக்கிறார்களாம்,
கட்டி அவர்களின் பிரேக்கை
மிதித்துக்கொண்டே இருக்கிறதாம்,
அந்தக் காலைத்தான் அகற்றப் போகிறார்களாம்.
சரி என்றேன். வேறென்ன சொல்ல?
இடது சிறுநீரகம் அக்டோபரிலேயே போயிற்று.
நுரையீரலில் நான்கு புள்ளிகள்.

எல்லோருக்கும் அந்த மருந்து கேட்பதில்லை.
ஏன் என்று இப்போது குடலில் தேடுகிறார்கள்.
நர்ஸ் யுர்கித்தா ஒரு டப்பாவும்
சின்னக் கரண்டியும் தந்தாள்.
பனி கொட்டும் காலையில்
என் மலத்தை என் மடியில் வைத்துக்கொண்டு
ஏழாம் எண் வண்டியில் போனேன்.
தெரிந்த டிரைவர். கேக்கா என்றான்.
ஆமாம், பிறந்தநாள் என்றேன்.

பிறகு மாத்திரை வந்தது, தினம் இரண்டு.
பாதிப் பேருக்கு உறைக்குள் உயிர்,
பாதிப் பேருக்குச் சோளமாவு.
யாருக்கு எது என்று
டாக்டருக்குத் தெரியாது, யுர்கித்தாவுக்குத் தெரியாது,
எங்கோ ஒரு கணினிக்குத் தெரியும்,
அது வாய் திறக்காது.

என் மனைவி தாங்வொலே சும்மா இருப்பாளா?
மருந்துக்கடையில் ஒரு புட்டி வாங்கினாள்:
பதினான்கு வகைக் கிருமி, அத்தனையும் நல்லவை.
யுர்கித்தா அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.
நல்லது என்று ஒட்டியிருப்பதெல்லாம்
இந்த நோய்க்கு நல்லதா என்று தெரியாதம்மா,
கெடுதலாகவும் முடியலாம்.
பீன்ஸ் கொடுங்கள், கருப்பு ரொட்டி கொடுங்கள்.
தாங்வொலே மூன்று நாள்
பீன்ஸை மட்டும் வேகவைத்தாள், பேசவில்லை.

ஜன்னலோர நாற்காலி ப்ரோனியுஸுடையது.
லிஃப்ட் பழுது பார்த்தவர்.
சொட்டு மருந்து இறங்கும்போதெல்லாம்
வயிற்றைத் தட்டிக் காட்டுவார்:
எனக்கு நிஜச் சரக்குதான், கேள், கடமுடா என்கிறது.
என் வயிறோ
கடைசி நிறுத்தம் தாண்டிய வண்டிபோல அமைதி.

ஒரு ராத்திரி பொறுக்கவில்லை.
மாத்திரை உறையைப் பிரித்து
வெதுவெதுப்பான பாலில் கொட்டினோம்.
உயிர் இருந்தால் உறையட்டும்.
கிண்ணத்தைத் துண்டில் சுற்றி
ஹீட்டர் மேல் வைத்துவிட்டு,
வயதான இரண்டு திருடர்கள், படுத்துக்கொண்டோம்.
விடிந்து பார்த்தால் பால் பாலாகவே இருந்தது.
தாங்வொலே அதைக் காபியில் ஊற்றிக் குடித்துவிட்டாள்.

யுர்கித்தாவிடம் ஒப்புக்கொண்டேன்.
திட்டவில்லை, எழுதிக்கொண்டாள்: ஒரு வேளை தவறியது.
இந்தக் கிருமிக்குக் காற்றே ஆகாது என்றாள்,
தயிர்க் கிருமி வேறு ஜாதி,
உறையாத பாலுக்கு எதுவும் தெரியாது.

மார்ச்சில் என் நான்கு புள்ளிகள் இரண்டாயின.
ப்ரோனியுஸின் நாற்காலியில்
வேறு யாரோ சால்வை போட்டிருந்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்துக் கடிதம் வந்தது.
உறையைக் கிழித்தேன்.
சோளமாவு.
தினம் இரண்டு வீதம்,
தண்ணீர் குடித்து, கடவுளை வேண்டி,
சோளமாவு.
யுர்கித்தாவுக்குப் போன் செய்தேன்.
நீங்கள் ஒரு ஆள், ரிமந்தாஸ் என்றாள்,
ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
அவள் சொன்னது சரி.
ஆனால் நான் ஒரு ஆளாகத்தானே இருக்கிறேன்.

அன்று மாலை ப்ரோனியுஸின் மனைவி அழைத்தாள்.
அவருக்கு நிஜமானதுதான் கொடுத்திருக்கிறார்கள்,
அவர் சொன்னது பொய்யில்லை, என்றாள்.
குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.
பிறகு கேட்டாள்:
உங்களுக்கு?

தாங்வொலே முட்டைக்கோஸ் ஜாடியின் மூடியைத்
திறக்கப் போனவள் நின்றாள்.

எனக்கும் அதேதான் என்றேன்.