கடிக்கக் கூடாத மஞ்சள்

ஹட்டனில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
பொய்ப்பல் கட்டுகிறவள் நான்.
உடைந்தது எதுவானாலும் கொண்டுவந்துவிடுவார்கள்:
மூக்குக்கண்ணாடி, மாதா சொரூபத்தின் சுண்டுவிரல்,
ஒருமுறை ஒரு கிளி, அலகு பிளந்து.
ஆகவே தார்சியுஸ் ஐயா
சுங்கானோடு படியேறி வந்தபோது
நாற்காலியைத்தான் காட்டினேன்.

கிண்ணம் கறுத்த வேர்க்கட்டை.
வாயில் வைக்கும் குழல் மட்டும் அம்பர்.
மழை விட்ட பிறகு ஐந்து நிமிடம்
சிங்கமலைப் பக்கம் ஒரு வெயில் வருமே,
அந்த மஞ்சள்.
நுனி உடைந்து தனியாகக் கைக்குட்டைக்குள்.

"துரை கப்பலேறும்போது பங்களாச் சாமானை ஏலம் விட்டான்.
இதை யாரும் கேக்கல்ல.
பதினெட்டு ரூபா."
அதன்பின் நான்கு முறை விழுந்திருக்கிறது.
விழுந்த இடமெல்லாம் சொன்னார்:
ஆலைப் படி, கோயில் வாசல்,
நானுஓயா ஸ்டேசன், நேற்று
தன் வீட்டுச் சமையலறை.
ஒவ்வொரு விழுகைக்கும் கொஞ்சம் குட்டையாகி
இப்போது மூக்குக்கு மிக அருகில் எரிகிறது புகையிலை.

இருபத்தாறு வருடம் டீமேக்கர்.
விடியுமுன் வரிசையாய்ப் பன்னிரண்டு கோப்பை
உறிஞ்சித் துப்பி
எது கருகல், எது வாடல் போதாதது
என்று சொல்லவேண்டிய வேலை.
"கறுப்பு ரப்பர் குழல் மூணு மாசம் பிடிச்சேன்.
எல்லாத் தேயிலையும் கந்தகம் குடிச்ச மாதிரி.
இதுக்கு ருசியே இல்ல மகள்.
பல்லுக்குச் சில்லுன்னும் இருக்காது."
புகை பிடிக்கிற நாக்குக்கு இவ்வளவு சங்கையா
என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அசல்தானா என்று பார்க்க
ஊசியைக் காய்ச்சப் போனேன்.
"குத்தாதே" என்றார், தன் ஈற்றில் குத்தப்போவதுபோல.
சரி, ஜாம் போத்தலில் தண்ணீர்,
இனிக் கரையமாட்டேன் என்னும் வரை உப்பு.
உடைந்த நுனியைப் போட்டோம்.
அடிக்குப் போய்
யோசித்து
மேலே வந்தது.
ஏலத்தில் ஏமாறவில்லை என்று தெரிந்துகொள்ள
அவருக்கு இவ்வளவு காலம்.
ஸ்வெட்டரில் தேய்த்து மேசையருகே பிடித்தார்.
அவர் பைக்குள்ளிருந்து உதிர்ந்த தேயிலைத் தூசு
ஓடிவந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒட்டிக் கொடுக்க வழியில்லை.
துளைத்தால் சூடு, சூட்டில் விரிசல்.
வளைக்க முடியாது. ஸ்பிரிட் பட்டால் மங்கும்.
பசை பிடிக்கும், பல் பட்டதும் விட்டுவிடும்.
இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே
அவர் வாயைத் திறக்கச் சொன்னேன், பழக்கம்.
மேல்வரிசை, இடப்பக்கம், நான்காம் பல்
மொழுமொழுவென்று தேய்ந்து கிடந்தது.
நான் கட்டிய பல்.
கண்ணாடியைக் கண்ணாடி கவ்வினால் நிற்குமா?
நாலில் இரண்டு விழுகை
என் கைவேலை.

அதைச் சொல்லவில்லை. காசு வாங்கவில்லை,
அவ்வளவுதான்.

புதுக் குழல் ஒன்று வார்த்துக் கொடுத்தேன்,
என்னிடம் இருந்த ஒரே அக்ரிலிக்கில்,
ஈற்றின் இளஞ்சிவப்பில்.
கடிக்கலாம், போடலாம், கழுவலாம்.
கண்ணாடியில் பார்த்தார்.
"என் முரசு வெளிய வந்து புகை பிடிக்குது" என்றார்.
வாங்கிக்கொண்டு போனார்.
பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.
நுனியைத் தீட்டிக்கொடுத்த பழைய குழல்
ஃபிளானல் துணியில் சட்டைப்பைக்குள்.
ஞாயிறு பூசை முடிந்து
கையில் மட்டும் வைத்திருப்பதைக் கண்டேன்,
பற்றவைக்காமல்,
உதட்டின் ஓரம் வரை கொண்டுபோய்.

உப்புப் போத்தலில் மிதந்த துண்டை அவர் கேட்கவில்லை.
நானும் நினைவூட்டவில்லை.
பல் அரைக்கும்போது எழும் சிவப்புத் தூள்
அதன்மேல் வந்து படிகிறது.
துடைக்கத் துடைக்க
இன்னும் அதிகம் வருகிறது.

கரண்ட் போன ஒரு மாலை
என் முன்பற்களுக்கிடையே வைத்துப் பார்த்தேன்.
சொந்தப் பல், ஒன்றும் வழுக்கவில்லை.
குளிரும் இல்லை, ருசியும் இல்லை.
கடிக்கவில்லை.
கடிக்காமல் இருப்பதற்கு
தாடை முழுவதும் வலித்தது.