திருத்த வேண்டாம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடி
நாற்பது நிமிஷம்.
உரக்கடை மாடியில் என் திரையும்
அதே நேரமாய்ச் சிவந்து கிடக்கிறது.
முப்பத்தாறு பிழைகள்.
முதலாவதைத் தவிர மற்றதெல்லாம்
முதலாவதன் பிள்ளைகள்.

நான் சோதிப்பது
நெல் கொள்முதல் நிலையத்துச் செயலி.
நெல்லைக் கவ்வி ஈரம் சொல்லும் கருவி
என் மேஜையில் கிடையாது.
பதிலுக்கு ஒரு போலி.
எப்போது கேட்டாலும் பதினேழு என்னும்.
வேறொன்றும் தெரியாது,
தெரியவும் வேண்டாம்.
அந்தப் போலியைக்கூட நான் எழுதுவதில்லை;
எழுதித் தர ஒரு நூலகம் உண்டு.
அது எழுதும் கோப்புகளின் நெற்றியில்
ஒரே வரி:
இயந்திரம் எழுதியது, திருத்த வேண்டாம்.

நேற்றிரவு ஹாஜாமைதீன்
ஈரம் கேட்கும் வரியில்
ஒரு பெயரை மாற்றிவிட்டுத் தூங்கிப்போனார்.
நல்ல பெயர்தான், குறை சொல்ல மாட்டேன்.
பழைய போலி
புதுப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.
சரி, மறுபடி பிறக்கட்டும் என்று
அழித்தேன்.
அங்கேதான் வினை.

போலி இல்லாமல் நிரல் கட்டாது
என்கிறது ஒரு பிழை.
நிரல் கட்டாமல் போலி எழுத முடியாது
என்கிறது அடுத்தது.
தற்காலிக நினைவைத் துடைத்தேன்.
பதிப்பை ஒரு படி இறக்கினேன்.
கணினியை அணைத்துப் போட்டேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.

ஜன்னலுக்குக் கீழே
செங்கமலம் போனில் யாரிடமோ கத்துகிறாள்:
"காஞ்சாத்தான் எடுப்பாங்களாம்.
எடுத்தாத்தான் களம் காலியாவும்.
களம் காலியானாத்தானே
எனுது காயும்?"
கையில் கைபேசி,
காலடியில் படுதா மூடிய குவியல்,
மேலே மேகம்.

கூட்ஸ் இன்னும் அசையவில்லை.
எதிரே வண்டி வராத
பாதித் தார்ச்சாலை கறுப்பாய்க் காலியாய்.
அவள் அதைப் பார்த்தாள்.
போனை இடுப்பில் செருகினாள்.
நாலு மூட்டையை இழுத்துவந்து கொட்டி
காலாலேயே கிண்டிப் பரப்பினாள்.
லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான்,
எதற்கென்று அவனுக்கே தெரியாமல்.

நானும் ஒரு கோப்பைத் திறந்தேன்.
திருத்த வேண்டாம் என்ற வரிக்கு
நேர் கீழே
கையால் ஒரு பொய்யை அடித்தேன்:
அப்படி ஒரு கருவி இருக்கிறது.
அவ்வளவே. உள்ளே உமிகூட இல்லை.
நிரல் நம்பியது, கட்டியது.
நூலகம் விழித்து
என் பொய்யின் மேலேயே
முறையான போலியை எழுதிப் போனது.
பதினொரு விநாடி வாழ்ந்தது என் கையெழுத்து.

முப்பத்தாறும் பச்சை.

கேட் தூக்கியாயிற்று.
மன்னார்குடி பஸ் நெல்லை ஒட்டி நெளிந்து போக,
முறத்தை நீட்டி மறித்தபடி
அள்ளுகிறாள், அள்ளுகிறாள்.
எவ்வளவு காய்ந்திருக்கும், ஒரு மணி நேரத்தில்?

நிலையத்தில் ஒரு பையன்
அவள் நெல்லில் ஒரு பிடியைக் கருவியில் போடுகிறான்.
எண் இங்கிருந்து தெரியாது.
என் மேஜையில் போலி
யாரும் கேட்காமலே தயாராய் வைத்திருக்கிறது
பதினேழை.

ஹாஜாமைதீனுக்குச் "சரியாயிற்று" என்று அடித்து
அனுப்பாமல்
அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.