நூற்று முப்பத்தெட்டு

பெரிய எஞ்சினை இறக்கிய அன்று
செல்ஃபோஸ் பட்டறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.
கவிழ்ந்த லாரியொன்றின் எட்டு சிலிண்டர்.
அது புகைக்குழாய் வழியே கனைத்தபோது
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
ஹஃப்லிதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.
பின்னால் இருந்த கியர் பெட்டியை
ஒருவரும் விசாரிக்கவில்லை.
பழைய ஆட்டோமேட்டிக். பாதி பலமுள்ள எஞ்சினுக்கு
வாழ்க்கைப்பட்டு வந்தது.

குருவி தலையில் பனங்காய் என்போம் நாம்.
பனை முளைக்காத தீவு அது, மரமே அரிது.
ஸ்டெய்ன்வோர் தன் மொழியில் என்ன சொன்னாளோ,
"தாங்கும், தாங்கும்" என்றான் அவன்.

தாங்கும்.
பத்தொன்பது ஆண்டுகளாக
அந்தச் சொல்லைத்தான் கழற்றிப் பார்க்கிறாள்:
கருகிய கிளட்ச் தட்டுகள்,
நீலம் பாரித்த எஃகு.
வாதாடவில்லை. சொந்தக் காசில்
புத்தக அளவு குளிர்விப்பான் ஒன்று,
சட்டியில் ஓர் உணரி,
ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு முள்.

பிப்ரவரி. பனியாற்றின் மேல்
இரண்டு பேரைக் காணோம் என்று அழைப்பு.
இடுப்புயர டயர்கள், காற்றை இறக்கி இறக்கி
மாட்டின் உதடுபோல் தளர்ந்து
பனியைக் கவ்வின.
வெளியே மைனஸ் பதினேழு.
உள்ளே, எண்ணெய், நூற்றுப் பத்து.

சொன்னால் நம்ப மாட்டார்கள்.
சுற்றிலும் நாடே உறைந்து கிடக்க
காலுக்கடியில் ஒன்று காய்ச்சலில் கிடக்கிறது.
எஞ்சின் தள்ளுகிறது, சக்கரம் நகர மறுக்கிறது,
இடையில் அகப்பட்ட எண்ணெய்
தன்னைத்தானே கடைந்துகொள்கிறது.
வெண்ணெய் திரளவில்லை.
சூடு திரண்டது.

நூற்று இருபத்து நான்கு.
"எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, மிதி!"
எஞ்சினுக்கு ஒன்றுமில்லைதான்.
பலசாலிக்கு எப்போது என்ன ஆகியிருக்கிறது.

நூற்று முப்பத்தெட்டு.
நிறுத்தினாள்.

"பார்க்கில் போடாதே. நியூட்ரல்."
பார்க்கில் நின்றால் இந்தப் பெட்டி
குளிர்விப்பானுக்குச் சொட்டு எண்ணெய் அனுப்பாது,
அப்படி ஒரு பிறவி.
முன்பக்கம் போனாள். குளிர்விப்பானின் முகத்தில்
பனி அடைத்து இறுகிக்
கம்பளி போர்த்தியிருந்தது.
ஹஃப்லிதி மண்வாரியில் இன்னும் பனி அள்ளி வந்தான்,
மேலே கொட்ட.
"கொட்டாதே. அதற்கு வேண்டியது காற்று."
கையுறையைக் கழற்றி
மெல்லிய தகடுகள் வளையாமல் விரலால் நோண்டினாள்.
நகக்கண்ணில் ரத்தம் வந்ததை
அப்புறம்தான் பார்த்தாள்.

பதினோரு நிமிடம்.
காணாமல் போனவர்களுக்கும் அது பதினோரு நிமிடம்.
இருவருமே நினைத்தார்கள்,
ஒருவரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழு.
லோ ரேஞ்சில் போட்டாள். எஞ்சின் கத்தியது,
வண்டி ஊர்ந்தது, முள் அசையவில்லை.
ஹஃப்லிதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.
முந்நூற்று அறுபது குதிரைகள்,
கைத்தடிக்காரனின் நடை.

பிறகு வானொலி கரகரத்தது.
அந்த இருவரும் மதியமே குடிலுக்கு நடந்துவிட்டார்களாம்.
கோகோ காய்ச்சிக் குடிக்கிறார்களாம்.
ஸ்டெய்ன்வோர் சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.

தம் சுவட்டின் மேலேயே திரும்பினார்கள்.
நின்ற இடத்தில்
பெட்டியின் அடிவயிற்று அளவுக்குப்
பனி உருகி ஒரு குழி.
அதில் சிவப்பாக ஒரே ஒரு சொட்டு.
காற்று ஏற்கெனவே
ஓரத்திலிருந்து மூட ஆரம்பித்திருந்தது.

பட்டறையில் சட்டியை இறக்கியபோது
எண்ணெய் பாலில்லாத தேநீர் நிறம்,
தீய்ந்த ரொட்டி வாசனை.
காந்தத்தில் சாம்பல் சேறு.
"டர்போ ஒன்று வைத்தால்..." என்று ஆரம்பித்தான்.
அவள் அந்தச் சேற்றை விரலில் எடுத்து
அவன் பளபளக்கத் துடைத்து வைத்திருந்த
எஞ்சின் மூடியின் நடுவில்
அழுத்தி வைத்தாள்.

ஏப்ரல் ஆகிவிட்டது.
அந்தக் கைரேகையை அவன்
இன்னும் துடைக்கவில்லை.