அறுநூறு இடது கை

பொம்மனஹள்ளியில், இரண்டாவது மாடியில்,
ஏழாவது லைனில்
நான் சட்டைக்கு இடது கை வைக்கிறேன்.
வலது கை வைப்பவள் புட்டலட்சுமி.
எனக்கும் அவளுக்கும் நடுவில்
நெஞ்சும் முதுகுமாய் ஒரு ஆள்
நாளெல்லாம் போய்க்கொண்டே இருக்கிறான்,
தலை இல்லாமல்.

மணிக்கு எழுபத்தைந்து என்று பலகையில் இருக்கும்.
எழுபத்தொன்று என்றால்
நாகேந்திரப்பா பின்னால் வந்து நிற்பார்.
திட்டமாட்டார். நிற்பார்.
அவர் நிழல் ஊசிமேல் விழும்.
நிழலையும் சேர்த்துத் தைத்து அனுப்பிவிடுவேன்.

கழிப்பறை டோக்கனுக்குக் காத்திருந்த ஒருநாள்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
பதினொரு வருஷத்தில்
இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.
இத்தனை கை ஒன்றாய் உயர்ந்தால்
எதையாவது கேட்கலாம்.
எல்லாம் மடித்து, குண்டூசி குத்தி,
பெட்டியில் போய்விட்டன.

சில்க் போர்டில் பஸ் நகராமல் நின்றபோது
எதிரே ஒருவன் கம்பியைப் பிடித்திருந்தான்.
என் கண்ணுக்கு நேரே அவன் தோள்.
நீலக் கோடு, இரட்டைத் தையல், எங்கள் வெட்டு;
எக்ஸ்போர்ட்டில் கழித்த பீஸாக இருக்கலாம்.
நான் வைத்ததா,
நான் லீவு போட்ட அன்று சஞ்சுக்தா வைத்ததா?
கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள் என்று
யாரிடம் கேட்க முடியும்?
திருப்பினாலும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

போன மாசம் கரண்ட் போய்
ஜெனரேட்டரும் கைவிட்ட நாற்பது நிமிஷம்.
முந்நூறு மெஷினும் ஒரேயடியாய் வாய் மூட
ஜன்னலில் ஒரு காக்கை கேட்டது.
எத்தனை வருஷமாய் அங்கேயே கத்துகிறதோ.
சும்மா உட்காருங்கள் என்றார்கள்.
உட்கார்ந்தோம்.
கால் மட்டும் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது.

வீடு என்றால் விடுதலை என்று
எட்டாம் வகுப்புப் பரீட்சையில் எழுதி
ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன்.
என் வீட்டில் தண்ணீர் காலை நாலரைக்கு வரும்.
அதற்குமேல் என்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை,
தவணையில் வாங்கிய மெஷினில்
எனக்கே எனக்கு ஒரு ரவிக்கை.
அதே மாதிரி ஊசி, அதே நூல், அதே தோள்வலி.
இடது கை நாற்பத்தெட்டு விநாடியில் ஏறிவிட்டது.
வலது கை
சுருங்கி, பின்பக்கம் முன்னால் வந்து,
யாரோ பிடித்து முறுக்கியதுபோல் நின்றது.

கம்பெனியில் தப்புக்கு வேறு ஆள் உண்டு.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்
கூடையில் போட்டுக் கொண்டுபோய்விடுவார்கள்.
என் தப்பைக்கூட
நான் முழுசாய்ப் பார்த்ததில்லை.

இங்கே பிரித்தேன்,
ஊக்கு நுனியால், ஒவ்வொரு தையலாய்.
மறுபடி தைத்தேன். மறுபடி தப்பு.
எதிர்வீட்டு டிவியில் படம் முடிந்து செய்தி வந்தது.
ஜெயசீலன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு
அவனே சோறு வடித்தான்.
மணி பார்க்கவே இல்லை.
பொய், பார்த்தேன்:
ஒரு கைக்கு இரண்டேகால் மணி நேரம்.
சிரிப்பு வந்தது.
வந்து நிற்கட்டும் நாகேந்திரப்பா.

இதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை.
கூலி கிடையாது, முதுகு விண்ணென்கிறது,
விடிந்தால் எட்டரைக்குக் கார்டு அடிக்கவேண்டும்.
ஆனாலும் பிரித்துப்போட்ட நூல்
தரையில் சுருண்டு கிடந்தபோது
பெருக்கித் தள்ள மனசு வரவில்லை.

திங்கட்கிழமை புட்டலட்சுமியிடம் கேட்டேன்,
வலது கை எப்படி வைப்பாய்?
அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.
துணியைத் திருப்பிக் காட்டினாள்.

அந்த மணிக்குப் பலகையில்
அறுபத்தெட்டு.