இருபத்தேழு எலும்பு

திரையின் வலது கீழ் மூலையில்
தட்டளவு வட்டம்.
அதை வெட்டிப் பொருத்துவது என் வேலை.
அதற்குள் நிற்பது ஒதிலியாவின் வேலை:
கறுப்புச் சட்டை,
மோதிரம் கழற்றிய விரல்கள்.

வல்பரைசோவின் மேயர் நாற்காலிக்கு இரண்டு பேர்.
மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறாததைப் பேச வந்தவர்கள்
ஏழாம் நிமிடத்தில்
தண்ணீரை விட்டுவிட்டு
ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

புழு என்றார் இவர்.
சுட்டுவிரலை வளைத்து
முன்கையில் நெளியவிட்டாள்.
அவர் இவருடைய தாயை இழுத்தார்.
தாய்க்கான சைகையை அவள் கடைசியாகச் செய்தது
போன வாரம், ஒரு பிரசவ அறையில்.
அதே கை.

அரங்கில் கைதட்டல்.
கேட்காதவர்களுக்கு அதையும் சொல்ல வேண்டும்:
இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி
விரல்களைப் படபடக்கவிட்டாள்.
ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன்,
யாரோ சரணடைவது போலிருந்தது.

நாக்குக்கு நரம்பில்லை, எப்படியும் புரளும்.
கைக்கு இருபத்தேழு எலும்பு.

இருபத்தோராம் நிமிடம்
இவர் அவரைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.
அவள் கை பாதி வழியில் நின்றது.
பிறகு
கோபமாக இருக்கிறார் என்று முடித்துக்கொண்டது.
யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.
சம்பளம் அதற்கல்ல, பேசாமலிருந்தேன்.

அடுத்த நாள் புழு பனியனில் ஏறிவிட்டது,
நாலாயிரம் பெசோ.
நள்ளிரவு நகைச்சுவைக்காரன் அதற்கு மெட்டுப் போட்டான்.
மலையேறும் தூக்குப்பெட்டியில் பள்ளிப் பையன்கள்
ஒருவனை மூலைக்கு நெருக்கி
அதைப் பாடினார்கள்.
நன்றாகத்தான் பாடினார்கள்.

சனிக்கிழமை மீன்துறையில்
விலாங்கு வெட்டிக்கொண்டிருந்த எலெயுத்தேரியோ
அவளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தான்.
பேசுவதற்கு அவனுக்கு இரண்டு கையும் வேண்டும்.
(எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அவள் பிறகு சொன்னாள்.)

அவர் வாய் நீளமாக அசைந்தது,
உன் கை குட்டையாக முடிந்தது.
மிச்சத்தைக் கொடு.

வேண்டாம் என்றாள்.

எங்களைத்தானே சொன்னார்?
மூளையில்லாதவன் என்று சொல்ல
காது கேட்காதவனை இரவல் வாங்கினாரா இல்லையா?
ஓட்டு என்னுடையது.
வசவும் என்னுடையது.
அதை நீ உன் பையில் வைத்துக்கொள்ளாதே.

செதில் ஒட்டிய பலகைக்கு இந்தப் பக்கம் நின்று
அவள் செய்தாள்.
முழுதாக, முகத்தோடு,
அந்த உதட்டுக் கோணலோடு.
பனிக்கட்டி உருகி எங்கள் செருப்பில் சொட்டியது.

சில்லறை சரியாக இருக்கிறது என்பதுபோல்
தலையாட்டினான்.
ஆறு வயதிலிருந்து இவரைத் தெரியும் என்றான்,
பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.
எடை போட்டு
ஒரு துண்டு கூடுதலாக வைத்துக் கட்டினான்.

திரும்பும் வழியெல்லாம் மீன் என் கையில்.
அவள் கைகள் அவள் கோட்டுக்குள்.

இதில் நானும் அந்தச் சொல்லை எழுதவில்லை.
எலெயுத்தேரியோ பார்த்தால் கேட்பான்.

புதன்கிழமை அடுத்த விவாதம்.
யாரையும் கேட்காமல்
வட்டத்தை ஒரு விரலளவு பெரிதாக்கினேன்.